ஓசிக் காவல்காரன்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ் போடுவது என்று முடிவு செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இன்னொருவர் என் அம்மாவின் தம்பி. அவருக்கும் தெரியாது, ஆனால் மெட்ராஸில் இருந்தார். அந்த ஒரு தகுதி எங்கள் குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்தது.

மாமா வேலை பார்த்தது கம்ப்யூட்டர் கம்பெனியில் என்று கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எல்லோரும் நம்பினார்கள். அது பிரிண்டருக்குப் பேப்பர் விற்கும் கம்பெனி. அங்கே அவர் கணக்கு எழுதினார். இருந்தாலும் ஊருக்கு வரும்போதெல்லாம் சட்டைப் பையில் ஒரு சி.டி. வைத்திருப்பார், டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்திருப்பதைப் போல.

கம்ப்யூட்டர் எனக்காக வாங்கியது. பத்தாவதில் நல்ல மார்க் எடுத்ததற்குப் பரிசு. அப்பா அரசாங்க ஆபீஸில் கிளார்க். வேங்கிக்காலில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருந்த நேரம் அது. சொந்தக்காரர்களில் முதன்முதலில் டவுனில் வீடு கட்டியவர் அவர்தான், வீட்டில் கம்ப்யூட்டர் வைத்தவரும் அவர்தான். அதனால் அதை ஹாலில், தெருக்கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, சாமி அலமாரிக்குப் பக்கத்திலேயே வைத்தார். மானிட்டருக்கு அம்மா பூப்போட்ட உறை தைத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதற்கும் ஒரு பொட்டு.

கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்த கடைக்காரர் போகும்போது கேட்டார்.

"ஆன்டிவைரஸ் எது சார் போடட்டும்? ஃப்ரீயும் இருக்கு, காசு குடுத்து வாங்கறதும் இருக்கு. நெட் போடறதா இருந்தா காசு குடுத்தே வாங்கிடுங்க. வருஷத்துக்கு ஒருவாட்டி புதுப்பிக்கணும்."

"வருஷா வருஷமா?" என்றார் அப்பா. "அப்ப அது பொருள் இல்லீங்க, வாடகை. சொந்த வூட்ல இருந்துக்கினு எவனாவது வாடகை குடுப்பானா?"

நான் வாயைத் திறந்தேன். பள்ளிக்கூட லேபில் கிடந்த பத்திரிகையில் படித்திருந்ததைச் சொன்னேன். ஃப்ரீயில் வைரஸை மட்டும்தான் பார்க்குமாம், நெட்டிலிருந்து திருட்டுத்தனமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் மற்ற குப்பைகளைக் கண்டுகொள்ளாதாம், காசு கொடுத்து வாங்குவது அதையும் பிடிக்குமாம். அப்பா நான் சொன்னதைப் பெருமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "மாமா வரட்டும்" என்றார்.

மாமா வந்தார். சி.டி. வந்தது.

"காசு வாங்கறதெல்லாம் ஏமாத்து வேல மாமா. வைரஸ உடறதே அவனுங்கதான். எங்க ஆபீஸ்ல பூரா ஃப்ரீதான் ஓடுது. இது ஒரு வாட்ச்மேன் மாரி. சம்பளம் இல்லாத வாட்ச்மேன். கசக்குதா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பாவுக்கு ஏன் கசக்கும்? ஓசியில் கிடைத்தால் எனக்கொன்று என் தம்பிக்கொன்று என்கிற வம்சம். அன்று சாயந்திரமே ஓசிக் காவல்காரன் வேலைக்குச் சேர்ந்தான். திரையின் மூலையில் ஒரு பச்சை டிக். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

அந்தக் காவல்காரனுக்குச் சம்பளம்தான் இல்லையே தவிர சாப்பாடு வேண்டும். புதிது புதிதாக வருகிற வைரஸ்களின் அடையாளங்களை அவ்வப்போது நெட்டிலிருந்து இறக்கிக் கொடுக்க வேண்டும். அப்போதெல்லாம் டெலிபோன் லைனில்தான் நெட். கம்ப்யூட்டர் கீய்ங் என்று கத்தி லைன் கிடைத்து, பாதி இறங்குவதற்குள் அப்பா வந்து ஒயரைப் பிடுங்கிவிடுவார். "போன் பில்லு யார் கட்டறது?" சோறு போடாத நாய் எத்தனை நாளைக்குக் குரைக்கும்? ஆனால் அந்தப் பச்சை டிக் மட்டும் அழியவே இல்லை.

என் தம்பிக்கு அப்போது கிரிக்கெட் பைத்தியம். எங்கிருந்தோ ஓசியில் ஒரு கிரிக்கெட் விளையாட்டை இறக்கிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் நெட்டில் இருக்கும்போது வேறு வேறு ஜன்னல்கள் தாமாகத் திறக்க ஆரம்பித்தன. முதலில் சூதாட்டம், லாட்டரி, எடை குறைக்கிற மாத்திரை. நான் மூடிக்கொண்டே இருந்தேன். மாமாவிடம் போனில் சொன்னேன். "பச்ச டிக் இருக்குதா? அப்ப ஒண்ணும் இல்ல, போ" என்றார்.

பன்னிரண்டாவதில் பள்ளிக்கூடத்தில் நான்தான் முதல். நுழைவுத் தேர்விலும் நல்ல மார்க். மெட்ராஸில் எந்தக் காலேஜில் கேட்டாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்றார்கள். "நீ எவ்ளோ வேணா படிம்மா, ஆஸ்டல்ல போய் இருந்துக்கோ" என்று அப்பா தெருவே கேட்கச் சொன்னார். எனக்கு அந்தக் காலேஜும் ஆஸ்டலும் தவிர வேறு நினைப்பே இல்லை. ஆஸ்டலுக்கு எடுத்துப் போக வாளியும் குவளையும்கூட வாங்கி வைத்திருந்தேன்.

கவுன்சிலிங்குக்கு முந்தின பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் சுற்றி முடித்துவிட்டு எங்கள் வீட்டில்தான் வந்து விழுவார்கள். அன்றும் ஹால் நிறைய ஆட்கள். வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு சிலர், இட்லித் தட்டோடு சிலர். மாமாவும் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். அப்பாவுக்குக் குஷி தாங்கவில்லை.

"பொண்ணு படிக்கப்போற காலேஜ எல்லாருக்கும் காட்டும்மா."

காட்டினேன். காலேஜ் படம் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கோடாக இறங்கியது. முதலில் வானம், பிறகு மொட்டைமாடி. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அதற்குள் அதன்மேல் இன்னொரு ஜன்னல் திறந்தது. அந்தப் படமும் அதே வேகத்தில்தான் இறங்கியது. முதலில் தலைமுடி. பிறகு நெற்றி, கண், உதடு. "இது யாரு, டீச்சரா?" என்று ஒரு அத்தை கேட்டாள். கழுத்து வந்தது. தோள் வந்தது. தோளில் துணி இல்லை. நான் மூடினால் அந்த இடத்தில் வேறு இரண்டு திறந்தன. லைன் மட்டும் வேகமாக இருந்திருந்தால் நல்லது என்று இன்றைக்கும் நினைப்பேன். மொத்தமாக வந்திருந்தால் ஒரே அடியோடு போயிருக்கும். எங்கள் வீட்டு லைன் என் மானத்தை இஞ்ச் இஞ்சாக வாங்கியது.

அம்மா ஓடிவந்து துண்டைப் போட்டு மானிட்டரை மூடினாள். அப்பா ஒயரைப் பிடுங்கினார்.

"அது தானா வருதுப்பா" என்றேன்.

"தானா எப்படி வரும்?" என்றார் அப்பா.

"வைரஸ்ப்பா. சத்தியமா."

மாமாவுக்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. வைரஸ் என்றால் அவர் கொடுத்த சி.டி. சரியில்லை என்று ஆகிவிடும். அதுவும் இத்தனை பேர் முன்னால். "இரு, இப்பவே ஸ்கேன் போட்டுப் பாத்துடலாம்" என்று உட்கார்ந்தார். நீலக் கோடு நகர்ந்துகொண்டிருக்க, சொந்தக்காரர்கள் காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருத்தரும் தூங்கப் போகவில்லை. கால்வலி எல்லாம் எங்கே போயிற்றோ.

கடைசியில் பச்சை டிக் பெரிதாக வந்தது. ஒரு வைரஸும் இல்லை.

"பாத்துக்கோங்க மாமா. மிஷினே சொல்லுது. மிஷினுக்கு இவமேல என்ன விரோதம்?" என்றார் மாமா. "யாரு என்ன பாக்கறாங்களோ, அதுதான் திரும்பத் திரும்ப வரும். அதோட குணம் அது."

"பொட்டப் புள்ளைக்கு இதெல்லாம் வாங்கிக் குடுத்தா இப்டித்தான்" என்றாள் டீச்சரா என்று கேட்ட அத்தை. அவளுக்குப் பள்ளிக்கூட வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாது. தம்பி சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். கிரிக்கெட் விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். "அவன ஏன்டி இழுக்கற, ஆம்பளப் புள்ள" என்றாள் அம்மா. இந்த வாக்கியத்தில் எங்கே காரணம் இருக்கிறது என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கு தீரவில்லை என்றால் மலையைப் பார்த்துக் கற்பூரம் அணைப்பார்கள். பொய் சொல்கிறவன் கை நடுங்கும், அணைத்த பிறகும் ஏதாவது ஒரு அடையாளம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பிக்கை. அப்பா வாசற்படியில் கற்பூரத்தை ஏற்றினார். எதிரே நிலா வெளிச்சத்தில் மலை தெளிவாக நின்றது. எனக்குக் கை நடுங்கவில்லை. உள்ளங்கையால் அழுத்தி அணைத்தேன். சுட்டது. அப்பா என் தலையில் கை வைத்து, "சரி, உள்ள போ" என்றார். அந்தக் கையில் பாரம் குறைந்திருந்தது. நான் தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை, ஊருக்குக் கிளம்பிய சொந்தக்காரர்கள் பஸ் நேரம் பார்க்க வேண்டும் என்றார்கள். பஸ் நேரத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்க முடியுமா என்று மாமா நெட்டைப் போட்டார். அதே பெண் வந்தாள். இந்தத் தடவை இடுப்பு வரை.

"மல முன்னாடியே பொய் சத்தியம் பண்ணியிருக்காளே" என்றாள் அத்தை, கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு.

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. படம் பார்த்ததை அப்பா மன்னித்திருப்பார் என்று தோன்றுகிறது; கற்பூரம் அணைத்த பிறகும் படம் வந்ததை அவரால் மன்னிக்க முடியவில்லை. மலையே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதாம். கவுன்சிலிங் நாளன்று நான் வீட்டில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். மெட்ராஸுக்கு அனுப்பினால் என்ன ஆவேனோ என்று உள்ளூர்ப் பெண்கள் காலேஜில் பி.எஸ்ஸி. கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட உறையின்மேல் பூட்டு வராத குறைதான். நான் ஹாலைக் கடந்து போனாலே அம்மா எட்டிப் பார்ப்பாள். ஆஸ்டலுக்கு வாங்கிய வாளி மாட்டுக் கொட்டகை வைத்திருந்த ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிற்று.

பிறகு தம்பி பதினொன்றாவது போனான். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். ஒருநாள் அப்பாவே கடைக்காரரைக் கூட்டிவந்தார்.

"காசு குடுத்து வாங்கறதையே போட்டுடுங்க. பையன் படிப்பு. அதுல ரிஸ்க் எடுக்க முடியாது, பாருங்க."

நான் அங்கேதான் நின்றிருந்தேன், காப்பி டம்ளரோடு. கடைக்காரர் புது ஆன்டிவைரஸை ஓடவிட்டார். அது ஒவ்வொன்றாகச் சிவப்பு எழுத்தில் துப்பியது. "சார், உள்ள ஏகப்பட்ட குப்ப சார். கேம் ஏதோ போட்டிருக்காங்க, அதோட வந்திருக்குது. அசிங்க அசிங்கமா படம் தானா வந்திருக்குமே?"

அப்பா "ம்" என்றார்.

நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை வேண்டாம், திரும்பி ஒரு பார்வை பார்த்தால்கூடப் போதும் என்று இருந்தது. அப்பா கடைக்காரரிடம், "பில் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு அவரை நான் வெறுத்தேன். கோபம் இல்லை, வெறுப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு விளக்கிப் பிரயோஜனம் இல்லை.

காலேஜ் முடிவதற்குள் ஆரணியில் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்காரர் நல்ல மனுஷர். அவர் தயவில் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்து ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தேன். அந்த அத்தை கேட்ட மாதிரியே டீச்சர்தான். தம்பி மெட்ராஸில் இன்ஜினியரிங் சேர்ந்தான். நான் அன்றைக்கு எல்லோருக்கும் காட்டினேனே, அதே காலேஜ்.

அவன் போனதும் அப்பா ஆன்டிவைரஸைப் புதுப்பிக்கவில்லை. "பையனே இல்ல, இனிமே எதுக்கு அது?" ரிடையர் ஆகி வீட்டில் உட்கார்ந்தவர், பொழுதுபோகாமல் தானே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு பேப்பர் படிக்கவும் ராசிபலன் பார்க்கவும் ஆரம்பித்திருந்தார். மாமா மறுபடியும் சி.டி. கொண்டுவந்தார். மூலையில் மறுபடியும் பச்சை டிக்.

ஒருநாள் மாமாவிடமிருந்து எனக்குப் போன். "உடனே கிளம்பி வா. உங்க அம்மா அப்பாகூட பேசறதில்ல. சமைக்கறதில்ல. என்கூட மெட்ராஸுக்கு வந்துடறேன்னு நிக்குது." என்ன நடந்தது என்று கேட்டேன். சொல்லக் கூசுவதைப் போல இழுத்தார். அந்த இழுப்பிலேயே அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று தெரிந்தது. "அப்பா தனியா ஒக்காந்துனு இருந்தாராம். அம்மா காப்பி கொண்டு போயிருக்குது. ஸ்கிரீன்ல… என்னத்த சொல்றது போ."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குள் என்ன இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். பசியோடு கல்யாண வீட்டுக்குப் போகிறவளைப் போல வந்தேன்.

அதே ஹால். அதே இடத்தில் கம்ப்யூட்டர். அப்பா நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருந்தது. அம்மா சமையல்கட்டு வாசலில், மாமா சோபாவில்.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா மாமா?" என்றார் மாமா.

"தானா வருது மச்சான். நான் ராசிபலன்தான் பாத்தேன்."

"நான் போட்டுக் குடுத்தது இருக்குதே. வைரஸ்னா அது சொல்லாதா? ஸ்கேன் போட்டுப் பாக்கலாம். நீயே போடும்மா, நீதான் டீச்சர்."

உட்கார்ந்து போட்டேன். நீலக் கோடு நகர்ந்தது. ராசிபலன் பார்ப்பதற்கென்று அப்பா எதையோ இறக்கி வைத்திருந்தார். அதற்குள்தான் அது ஒளிந்திருக்கிறது என்று எனக்கு முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட லேபில் அதே சனியனை நான் எத்தனையோ மெஷினிலிருந்து பிடுங்கிப் போட்டிருக்கிறேன். இந்த ஓசிக் காவல்காரனுக்கு அது கண்ணில் படாது என்பதும் தெரியும். கோடு கடைசி வரை போயிற்று. பச்சை டிக் வந்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் இந்த விஷயத்துக்காக அவர் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

"நீ சொல்லும்மா. உனக்குத்தான் தெரியும். அன்னிக்கு கடக்காரர் சொன்னாரே, தானா வரும்னு. நீ பக்கத்துலதான நின்னுக்கினு இருந்த? வேணும்னா நான் மலையப் பாத்து கற்பூரம் அணைக்கறேன்."

ஆக, ஞாபகம் இருந்திருக்கிறது. நான் நின்ற இடம்கூட ஞாபகம் இருந்திருக்கிறது.

"தானா எப்படிப்பா வரும்?" என்றேன்.

அந்த வார்த்தை யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது. என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைக்கிறீர்களா? நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது உடம்பு லேசாகி, நன்றாக மூச்சு வந்தது.

அம்மா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். சமைப்பதில்லை என்றார்களே, பில்டரில் டிகாக்ஷன் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு டம்ளர் கலந்து கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"தானாதான்டி வருது. எனக்குத் தெரியாதா? அன்னிக்கே தெரியும். அந்த பௌர்ணமிக்கு முன்னாடி நீ குளிக்கப் போயிருந்த. கம்ப்யூட்டரயும் நெட்டையும் அமத்தாம போயிட்ட. ஹால்ல யாருமே இல்ல. நான் பாத்துக்கினே இருக்கறேன், படம் அதும்பாட்டுக்கு வருது. துணியப் போட்டு மூடிட்டு வந்துட்டேன்."

டம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"ஏம்மா சொல்லல? நான் கற்பூரம் அணைச்சப்பகூட நீ பக்கத்துலதான இருந்த?"

"சொல்லியிருந்தா உன்ன மெட்ராஸுக்கு அனுப்பியிருப்பாரு. பொட்டப் புள்ள அவ்ளோ தூரம் போயிட்டா எனக்கு யாரு இருக்கறாங்க? இப்ப பாரு, ஆரணிலதான இருக்கற. கூப்பிட்டா வர்ற இல்ல?"

"அப்ப இப்ப ஏன் அப்பாமேல பழி போடற?"

"கட்டிக்கின நாள்லேந்து அந்த ஆளு பேச்சத்தான் எல்லாரும் கேட்டீங்க. கொஞ்ச நாள் என் பேச்சக் கேக்கட்டும். சக்கர போதுமா?"

சர்க்கரை சரியாக இருந்தது. முழுசாகக் குடித்தேன். வீசிவிட்டு வந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் என்னைப் பெற்றவள் எனக்குப் பிடித்த பதத்தில் கலந்திருந்தாள், பாழாய்ப்போன நாக்கு குடித்துவிட்டது.

ஹாலுக்கு வந்தேன். அம்மா சொன்னதை அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அந்தக் குப்பையைப் பிடுங்கிப் போடுவதும் ஒரு நிமிஷ வேலைதான். அப்பா இன்னும் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். மானிட்டரின்மேல் துண்டு கிடந்தது. மாமாவுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்.

"பேசாம காசு குடுத்து வாங்கறதையே போட்டுடட்டுமாம்மா? நீ என்ன சொல்ற?"

"வேணாம்பா. அது பொருள் இல்ல, வாடகை" என்றேன். "ஓசியே போதும்."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் மாமா சோபாவிலிருந்து.

ஆரணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.